கைம்பெண்பாடு பறிபோன விதம்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்களாக எனக்குள் இழுபறி. ஒவ்வொரு தபசு காலத்திலும் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். பெரிய வெள்ளி வந்ததும் ஆண்டவர் பட்ட பாட்டை நினைத்து, என்னுடையது என்ன பெரிய பாடு என்று விட்டுவிடுவேன். கோபம் தலையான பாவங்கள் ஏழில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தவன் நான். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான், ஆனால் ஞானோபதேசம் இன்றைக்கும் முழுதாக வரும். இந்தக் கோபத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். சுவாமிமார் மாறிமாறி வந்தார்கள். கோபம் மாறவில்லை. கடைசியாக வந்தவர், "ஆர் மேலை கோபம்?" என்று கேட்டார்.

"ஆர் எண்டு தெரியேல்லை சுவாமி. அதுதான் கோபம்" என்றேன்.

அவர் அபராதமாகச் செபம் சொல்லச் சொன்னார். நானும் முழந்தாளிட்டு அருள் நிறைந்த மரியே சொன்னேன். எழும்பும்போதும் கோபம் அப்படியே இருந்தது.

இந்த வருடம் அது பொறுக்க முடியாமல் போய்விட்டது. வாடைக்காற்று ஓய்ந்த பிறகு எங்கள் கோயிலடியில் ஒரு கூட்டம். பட்டணத்திலிருந்து வந்த உத்தியோகத்தர், கடல் தொழிலைப் பற்றிப் புதிதாக ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப் போகிறார்கள், ஊரிலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "முந்தி கரைவலை விதி போட்டதும் உங்களைக் கேட்டுத்தான். உங்கடை ஊராள் ஒருத்தர் அந்தக் குழுவிலை இருந்து சம்மதிச்சவர்தானே."

அந்த ஊராள் நான். அவருக்கு அது தெரியாது. கடைசி வாங்குப் பலகையில் இருந்த என்னை ஊர்ச்சனம் முழுதும் திரும்பிப் பார்த்தது. நான் சம்மதிக்கவில்லை. என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வடமராட்சியின் கிழக்குக் கரையில், மணலுக்குள் இருக்கிறது. எல்லாரும் வேதக்காரர், எல்லாருக்கும் கடல்தான். கரைவலை தனி ஒருவன் செய்யும் தொழில் அல்ல. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் ஆட்கள் பிடித்துக்கொள்ள, வள்ளம் வலையோடும் மற்றக் கயிற்றோடும் கடலுக்குள் போய் வளைத்து, கொஞ்சம் தள்ளிக் கரை சேரும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அம்பா பாடி இழுப்பார்கள். கடலடியில் கல் இல்லாத இடத்தில்தான் அப்படி வளைக்கலாம். அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். எங்கள் கரையில் நல்ல பாடு ஒன்றுதான். வலை வைத்திருக்கும் சம்மாட்டிமாரோ பல பேர். ஆகையால் முறை வேண்டும்.

அந்த முறையை நாங்கள் அடிபட்டுத் தீர்க்கவில்லை. வாடை ஓய்ந்து வரும் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் திருவுளச்சீட்டுப் போடுவோம். கோயில் மூப்பர், ஊருக்காகக் கோயில் காரியம் பார்க்கும் பெரியவர், கண்ணை மூடிச் செபித்துவிட்டுச் செப்புக் குடத்துக்குள் கைவிட்டுச் சீட்டு எடுப்பார். முதலில் வந்த பெயருக்கு முதல் நாள், அடுத்த பெயருக்கு அடுத்த நாள். அப்படியே சுற்றிச் சுற்றி வரும். சீட்டு விழுந்தால் அது ஆண்டவர் சொன்னது. எனக்கு வேண்டாம் என்றோ மாற்றிப் போடு என்றோ ஒருவரும் கேட்டதில்லை.

அந்தக் குடத்துக்குள் பெயரில்லாத ஒரு சீட்டும் கிடக்கும். சிலுவை மட்டும் கீறியிருக்கும். கடலில் புருசனைக் கொடுத்த பெண்களுடைய சீட்டு அது. கைம்பெண்பாடு என்போம். அந்த நாள் வரும்போது, அதற்கு முந்தின நாள் வளைத்த சம்மாட்டி தன் வலையையும் வள்ளத்தையும் கரையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். ஊர் முழுதும் வந்து இழுக்கும். ஒருவரும் பங்கு வாங்குவதில்லை. வலையின் மடியில் வந்த மீன் முழுதும் அந்தப் பெண்களுக்கு. அவர்கள் கரையில் இருந்து தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். அது தருமம் அல்ல. எங்களுக்கு எப்படி ஒரு முறையோ அப்படி அவர்களுக்கும் ஒரு முறை.

என் அண்ணையும் நானும் ஒரு வலைக்குப் பங்காளிகள். ஒரு வாடைக் காலத்தில் அண்ணை போன வள்ளம் ஆளில்லாமல் கரைக்கு வந்தது. அண்ணி குருநகரில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தவர். பிள்ளைகள் இல்லை. என் வீட்டில் வந்து இருங்கோ என்று கேட்டேன். "உன்ரை வீட்டிலை சோறு இருக்குத் தம்பி, தெரியும். எனக்கு என்ரை நாள் இருக்கு" என்றார். கைம்பெண்பாடு வரும் காலையில் அண்ணி வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முன்பே கரையில் நிற்பார். கயிறு இழுக்கிற ஆண்களை விரட்டுவார். "என்ன, கஞ்சி குடியாமல் வந்தனீங்களோ? மீன் எனக்கெண்ட உடனை கை தளருதோ?" என்பார். ஆட்கள் சிரித்துக்கொண்டு இழுப்பார்கள். அந்தக் கரையில் அண்ணி ஒருவருக்கும் கடமைப்பட்டவர் இல்லை. எனக்கும்தான்.

அப்போதுதான் கொழும்பில் கரைவலைப் பாடுகளுக்கு விதி எழுதத் தொடங்கினார்கள். வேறு கரைகளில் பாட்டுக்காக அடிபாடாம், வழக்காம். மீன்பிடித் திணைக்களம் ஒரு விதி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். ஊர் வழக்கம் தெரியாமல் விதி எழுதக்கூடாது என்பதற்காக, கிராமசபைகளுக்கும் திணைக்களத்துக்கும் நடுவில் ஓர் ஆலோசனைக் குழு வைத்தார்கள். ஒவ்வொரு கிராமசபையும் ஓர் ஆளை அனுப்ப வேண்டும். பாலம் மாதிரி என்று சொன்னார்கள். நானும் நம்பினேன்.

கிராமசபைச் சேர்மன் கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஊர் ஆள். தோட்டக்காரர், படித்தவர், எங்களோடு நல்ல மாதிரி. கோயிலடிக்கு வந்து சொன்னார்: "இங்கிலீசு தெரிஞ்ச ஒராளை அனுப்பினால் நல்லது. அங்கை பெரிய ஆக்கள் இருப்பினம்."

மூப்பர் சொன்னார்: "மீனுக்கு இங்கிலீசு தெரியாது சேர்மன். பாட்டுக்கு எப்பிடி ஆளெடுக்கிறமோ அப்பிடியே இதுக்கும் எடுப்பம்."

அடுத்த ஞாயிறு சம்மாட்டிமார் எல்லாருடைய பெயரும் குடத்துக்குள் போனது. மூப்பர் கைவிட்டு எடுத்தார். என் பெயர்.

பிறகு எனக்கு அடுத்த வலைச் சம்மாட்டி, வாய் நிறையக் கதை வைத்திருப்பவர், சொன்னார்: "அந்தோனியார் ஆளறிஞ்சுதான் எடுத்திருக்கிறார். உவர் நாய் கடிச்சாலும் நாயிட்டை மன்னிப்புக் கேக்கிற ஆள்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பி வந்து, "தம்பி, வேறை ஒண்டும் சொல்ல வேண்டாம். எங்கடை நாளை மட்டும் சொல்லு" என்றார்.

அதை மட்டும்தான் நான் சொன்னேன். கூட்டத்துக்குப் போன நாளெல்லாம் அதைத்தான் சொன்னேன்.

பருத்தித்துறைக்கு வந்து பஸ் ஏறி, உடுப்பிட்டிப் பக்கத்தால் சுற்றிப் பட்டணம் போய்ச் சேர முற்பகல் ஆகிவிடும். பட்டணத்தில் ஒரு கந்தோர், திணைக்களத்தின் அலுவலகம். நீள மேசை, கதிரைகள், மேலே காற்றாடி. வாசலில் ஒருவர் வரவுக்குக் கையெழுத்து வாங்குவார். மேசைத் தலைப்பில் இருந்த அதிகாரி எங்கள் ஆள்தான், தமிழர், நெற்றியில் சந்தனம். மரியாதையாகப் பேசுவார். என்னைப் போல ஊரூராக வந்தவர்கள் சுற்றிவர இருப்போம். தேநீர் வரும், விசுக்கோத்து வரும்.

என் முறை வந்ததும் எழும்பி நின்றேன். சீட்டுப் போடும் வழக்கத்தைச் சொன்னேன். கைம்பெண்பாட்டைச் சொன்னேன். "விதியிலை எங்கடை கரைக்கு இந்த முறையையும் சேர்க்கோணும் ஐயா. வலை இல்லாத பெண்டுகளுக்கும் பாட்டிலை ஒரு நாள் உண்டு எண்டு எழுதோணும்" என்றேன்.

அதிகாரி தலையை ஆட்டிக் கேட்டார். "அருமையான வழக்கம். இதெல்லாம் கொழும்புக்குத் தெரிய வேணும். அதுக்குத்தானே இந்தக் குழு" என்றார். பக்கத்தில் இருந்த எழுதுவினைஞர் எழுதினார். நான் தமிழில் சொன்னதை அவர் இங்கிலீசில் எழுதினார். கொழும்புக்குப் போகும்போது அது சிங்களமாகிப் போகுமாம். என்ன எழுதினீர்கள் என்று வாசித்துக் காட்டும்படி கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்காக அவ்வளவு மரியாதையாக எழுதுகிறார்களே என்று அப்போது சந்தோசமாகக்கூட இருந்தது.

பஸ்ஸால் இறங்கி வர அண்ணி ஒழுங்கையில் நின்றார். "சொன்னனியோ?"

"ஓம். எழுதினவை."

"என்ன எழுதினவை?"

"நான் சொன்னதை."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்கு எரிச்சல் வந்தது. அந்தக் கேள்வியை நான் அல்லவா அந்த மேசையில் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டம். ஒவ்வொன்றிலும் கைம்பெண்பாட்டைப் பற்றி என்ன பதில் என்று கேட்பேன். "மேலை அனுப்பியிருக்கு" என்பார் அதிகாரி. அவர் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் ஊருக்கு வந்து அதைச் சொல்லியிருப்பேன். சேர்மன் மந்திரியிடம் போயிருப்பார், சுவாமியார் ஆயரிடம் போயிருப்பார். அந்த மேசையில் இல்லை என்ற சொல்லே கிடையாது. நல்லது, பார்ப்போம், குறித்தாயிற்று, மேலே போயிருக்கிறது. மேலே என்றால் யார், எந்த அறையில் இருக்கிறார், சாப்பிடுகிறவரா, பெண்சாதி பிள்ளை உள்ளவரா என்று ஒருவருக்கும் தெரியாது. மற்ற ஊர்க்காரர்களும் அப்படித்தான். ஒருவர் தன் கரையில் வெடி வைத்து மீன் பிடிக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் எழுதினார்கள். வெடி நிற்கவில்லை.

ஊரில் எனக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. வேறு யார், அடுத்த வலைச் சம்மாட்டிதான் வைத்தார். தேத்தண்ணி மெம்பர். நான் பஸ்ஸுக்குப் போகும்போது, "மெம்பர், இண்டைக்கு என்ன விசுக்கோத்து?" என்று கேட்பார். பகிடிதான். ஆனாலும் பஸ்ஸில் இருந்து யோசித்தால் அது சரியாகத்தான் பட்டது. என் ஒரு நாள் தொழிலைக் கெடுத்துக்கொண்டு போய் நான் கொண்டுவருவது என்ன?

ஒருநாள் அதிகாரியே என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "உங்கடை விசயம் சரி வந்திட்டுது" என்றார். ஆண்டவரே நன்றி என்று மனதுக்குள் சொன்னேன். அதற்குள் அவர் மிச்சத்தைச் சொன்னார். கைம்பெண்களின் விசயம் மீன்பிடிக்குச் சம்பந்தமில்லை என்று மேலே முடிவாகிவிட்டதாம். அது நிவாரண விசயமாம். அதற்குரிய கந்தோருக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்களாம். "வறுமைப்பட்ட விதவைகள் பிச்சைச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கலாம். நான் ஒரு சொல்லும் சொல்லிவிடுறன்" என்றார்.

அரசாங்கம் ஏழைகளுக்குக் கொடுக்கும் உதவிப் பணத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கந்தோரில் சொன்ன சொல் ஒன்றே ஒன்று: முறை. அது என் வாயிலிருந்து இங்கிலீசுக்குப் போய், சிங்களத்துக்குப் போய், மேலே போய், பிச்சையாகித் திரும்பி வந்திருக்கிறது. இடையில் யார் மாற்றினார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை. எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் அனுப்பிவிட்டவர்கள்.

அண்ணியிடம் சொல்லப் பயந்தேன். சொல்லத்தான் வேண்டும். அண்ணி கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தவர், நிமிரவில்லை.

"நான் பிச்சை கேக்கேல்லை. என்ரை முறையைக் கேட்டனான். நீ அங்கை போய்ப் பிச்சை கேட்டனியோ?"

"இல்லை அண்ணி. அந்தோனியார் மேலை சத்தியமா இல்லை."

"அப்ப உவைக்கு ஆர் சொன்னது?" பிறகு நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, இனி அங்கை போகாதை. நீ போய் அந்தக் கதிரையிலை இருக்கிற ஒவ்வொரு நாளும் அவைக்கு நாங்கள் ஓமெண்டு சொன்ன மாதிரித்தான். கதிரையை வெறுமையா விடு. வெறுங்கதிரையைக் காட்டி ஒருத்தரும் ஊர் சம்மதிச்சதெண்டு சொல்லேலாது."

அது அவருக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. எனக்கும் சரியென்று பட்டது. மூப்பரிடம் போய், நான் விலகுகிறேன், ஊரும் ஆளை அனுப்ப வேண்டாம் என்றேன். மூப்பர் நல்ல மனுசர். அவரில் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. ஆனால் அவர் முகம் கறுத்துவிட்டது.

"சீட்டு விழுந்ததை நீ திருப்பிக் குடுக்கப் போறியோ? இண்டைக்கு நீ இதைக் குடுத்தால் நாளைக்கு ஒருத்தன் பாட்டு முறையைக் குடுப்பான். பிறகு இந்தக் குடம் என்னத்துக்கு? தண்ணி அள்ளவோ?"

"மூப்பர், அங்கை ஒரு பிரயோசனமும் இல்லை."

"பிரயோசனம் பாத்து அந்தோனியார் எடுக்கேல்லை. போ. போய்ச் சொல்லிக்கொண்டிரு."

ஊரும் அதைத்தான் சொன்னது. வேறு ஊராக இருந்தால் கோபித்துக்கொண்டு ஆளைத் திருப்பி எடுத்திருப்பார்கள். நாங்கள் சீட்டை மீறாத சனம். எங்கள் முறையைக் காப்பாற்றிய அந்தப் பக்தியே என்னைப் பிடித்து அந்தக் கதிரையில் இருத்தியது. அதை நினைக்கும்போதுதான் கோபம் தலைக்கு ஏறும். ஆண்டவருக்குப் பயந்து நாங்கள் செய்ததை, எதற்குமே பயமில்லாதவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கடைசிக் கூட்டத்துக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். இளம் மனுசர், வெள்ளைக் களிசான் போட்டவர், கையெடுத்துக் கும்பிட்டார். சிங்களத்தில் விதியை வாசிக்க, எங்கள் அதிகாரி தமிழில் சொன்னார். இனிமேல் பாட்டில் வலை வளைக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். வலையும் வள்ளமும் சொந்தமாக உள்ளவருக்கு மட்டும் அது கிடைக்கும். பதிந்த ஒழுங்கின்படி நாள் வரும். ஒருவருடைய அனுமதியை இன்னொருவருக்காகப் பயன்படுத்தக் கூடாது.

நான் எழும்பினேன்.

"ஐயா, எங்கடை கரையிலை வலை இல்லாத ஆக்களுக்கும் ஒரு நாள் இருக்கு. நான் வந்த நாள் தொடங்கி அதைத்தான் சொல்லுறன். இந்த விதியிலை அது இல்லை. நாங்கள் இதுக்குச் சம்மதமில்லை. சம்மதமில்லை எண்டு எழுதுங்கோ."

அதிகாரி அதைச் சிங்களத்தில் சொன்னார். நான் சொன்னது நீளம். அவர் சொன்னது கட்டை. கொழும்பு ஐயா என்னைப் பார்த்துத் தலையசைத்து ஏதோ சொன்னார்.

"உங்கடை கருத்துக்கு நன்றியாம். கவனத்திலை எடுப்பினமாம்" என்றார் அதிகாரி.

"கருத்தில்லை ஐயா. சம்மதமில்லை எண்டு சொல்லுறன்."

"தம்பி, இது ஆலோசனைக் குழு. இஞ்சை சம்மதம், சம்மதமில்லை எண்டு ஒண்டும் இல்லை. கேக்கிறது எங்கடை வேலை. கேட்டாச்சுத்தானே."

பிறகு தேநீர் வந்தது. நான் குடிக்கவில்லை. அந்த ஒன்றைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

விதி அரசாங்க வர்த்தமானியில் வந்தபோது சேர்மன் அதைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். அதில் எங்கேயும் கைம்பெண் என்ற சொல் இல்லை. ஆனால் ஊர்களின் பிரதிநிதிகள் இருந்த ஆலோசனைக் குழுவோடு கலந்தாலோசித்துச் செய்யப்பட்டது என்ற சொல் இருந்தது. சேர்மன் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார். வாசலில் நான் போட்ட கையெழுத்தெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

எனக்கு அனுமதிப்பத்திரம் வந்தது. ஏன் வராது? எனக்கு வலை இருக்கிறது, வள்ளம் இருக்கிறது. அண்ணைக்கு இருந்த பங்கும் என் பெயரில் பதிந்திருந்தது. அந்த வருடம் கோயிலில் பாட்டுக்குச் சீட்டுப் போடவில்லை. மூப்பர் குடத்தைத் துடைத்துப் பூசைச் சாமான் வைக்கும் சக்கிறீஸ்தில் வைத்துவிட்டார்.

என் நாள் வந்தது. நான் அதைக் கைம்பெண்களுக்குக் கொடுத்தேன். வலை வளைத்து, ஆட்களைக் கூப்பிட்டு இழுப்பித்து, மடியை அவர்கள் முன்னால் அவிழ்த்தேன். வந்து இழுத்த ஆட்கள் குறைவு. விதிக்குப் பயம். அண்ணி கரையில் நின்றார், ஒருவரையும் விரட்டவில்லை. மற்றப் பெண்கள் பிரித்தார்கள். அண்ணி தன் பங்கை எடுக்கவில்லை.

"ஏன் அண்ணி?"

"இது உன்ரை நாள் தம்பி. நீ தாறாய். தந்தால் அது தருமம். நல்லது, ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். எங்கடை நாள் எங்கை?"

எங்கள் நாள் கொழும்பில் ஒரு மேசை லாச்சிக்குள் இருக்கிறது என்றா சொல்ல?

கொஞ்ச நாளில் மீன்பிடிப் பரிசோதகர் வந்தார். என் அனுமதியை வேறு ஆட்களுக்காகப் பயன்படுத்தினேன் என்று அந்தப் பருவம் முழுதும் நிறுத்திவைத்தார்கள். யார் போய்ச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அவனும் பிள்ளைகுட்டிக்காரன். அவனுக்காகவும் நான் செபிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு விதி ஊருக்குள் வந்தால் அதைக் காவல் காக்கிறவனும் ஊருக்குள்ளேயே முளைத்துவிடுகிறான். சீட்டுப் போட்ட காலத்தில் எங்களுக்குள் அப்படி ஒருவன் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அவனுக்கு அங்கே வேலை இருந்திருக்காது.

என் வலை மணலில் கிடந்து காய்ந்த அந்தப் பருவத்தில் அண்ணி குருநகருக்குத் திரும்பிப் போனார். வாழ வந்த ஊரை விட்டுப் பிறந்த ஊருக்கு, ஒரு பெட்டியோடும் மாதா படத்தோடும். பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். "நீ போய்ச் சொன்னதைப் பிழை எண்டு நான் சொல்லேல்லை" என்றார். "சொன்னது சொன்னபடி போகேல்லை. அதுதான்." அங்கே கடற்கரையில் மீன் வாங்கிக் கடகத்தில் வைத்துப் பட்டணத்து வீதிகளில் விற்றார். இன்றைக்கும் விற்கிறார். பிச்சைச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நான் இந்த வருடம் அந்தக் கடைசி வாங்கில் இருந்தேன். உங்கள் ஊராள் சம்மதித்தவர்தானே என்று அந்த மனுசர் சொன்னதும் எழும்பினேன். "அந்த ஆள் நான்தான் ஐயா. நான் சம்மதிக்கேல்லை. கந்தோரிலை கேட்டுப் பாருங்கோ" என்றேன். அவர் சங்கடப்பட்டார். "பழைய விசயங்கள். இந்தக் குழு அப்பிடியில்லை" என்றார். போன முறை பாலம் என்றார்கள்.

அவர் போன பிறகு மூப்பர், இப்போது நன்றாக வயது போய்விட்டது, குடத்தை எடுப்பித்தார். நான் சொன்னேன்: "மூப்பர், ஆர் போறது எண்டு கேக்க முன்னம், போறதோ இல்லையோ எண்டு கேளுங்கோ. போன முறை அதை அந்தோனியாரிட்டைக் கேக்கேல்லை. நாங்களே முடிவெடுத்தனாங்கள்."

மூப்பர் குடத்தைக் கீழே வைத்தார். பிறகு, "அது சரிதான்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன். இரண்டு சீட்டு எழுதிப் போட்டார்கள். ஒன்றில் அனுப்பு, மற்றதில் அனுப்பாதே.

அனுப்பு என்று வந்தது.

அனுப்பாதே என்று வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்கு அந்தோனியாரிலும் கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அடுத்த சீட்டு யாருக்கு என்று பார்த்தால், எனக்குத் தேத்தண்ணி மெம்பர் என்று பெயர் வைத்த அதே அடுத்த வலைச் சம்மாட்டி. கோயில் முழுதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்தார். "அண்ணை, அங்கை போய் நான் என்ன சொல்லுறது?"

"முதல்லை, தேத்தண்ணியைக் குடியாதை."

"பகிடி விடாதையுங்கோ."

"பகிடியில்லை. எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேள். உனக்கு விளங்கிற பாசையிலை வாசிக்கச் சொல்லு. அவை வாசிக்கும் வரைக்கும் எழும்பாதை. நீ சொன்னது அதிலை இல்லையெண்டால் திரும்பிச் சொல்லு. வாசல்லை கையெழுத்துக் கேட்டால், கூட்டம் முடிஞ்சு திரும்பேக்கை போடுறன் எண்டு சொல்லு."

"கைம்பெண்பாட்டைச் சொல்லட்டோ? இப்ப ஆர் அண்ணை அதை நினைக்கினம்?"

"அதைத்தான் சொல்லவேணும். அதை மட்டும்."

அவர், நான் சொன்னதெல்லாம் தனக்கு ஞாபகம் நிற்காது, எழுதித் தாருங்கள் என்றார். அதனால்தான் இதை எழுதத் தொடங்கினேன். பழைய காலத்தை நினைத்துப் பெருமூச்சு விட அல்ல.

எழுதி முடித்ததும் குருநகருக்குக் கொண்டுபோய் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். மீன்கடகத்துக்குப் பக்கத்தில் இருந்து கேட்டார். பிச்சை என்ற இடம் வந்ததும், "அதை எழுதினனியோ? இருக்கட்டும். எடுக்காதை" என்றார். மிச்சத்தையும் கேட்டுவிட்டு, "உன்னட்டையிருந்து இது எத்தினை பேரிட்டைப் போகும்?" என்றார். தெரியாது என்றேன். "போற வழியிலை மாறும். போன முறையும் மாறினது" என்றார்.

அதற்காகத்தான் இதை வாசிக்கிற உங்களிடம் கெஞ்சாமல், உரிமையாகவே கேட்கிறேன். மற்றவருக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது எங்கள் மேல் இரக்கப்பட்டு ஒரு சொல்லைக்கூடச் சேர்க்க வேண்டாம். மேலே இருக்கிறவர்கள் மனம் நோகும் என்று ஒரு சொல்லைக்கூட எடுக்க வேண்டாம். முறை என்று நான் எழுதிய இடத்தில் முறை என்றே சொல்லுங்கள். சம்மதமில்லை என்று எழுதிய இடத்தில் சம்மதமில்லை என்றே சொல்லுங்கள். ஆண்டவர் உங்கள் வாயைக் காப்பாராக.